குறி தப்பாத குண்டு

மும்பை வடாலாவில் ரயில் ஏறிய இருவர் என் எதிரே அமர்ந்தனர். தாராவியில் பட்டறை வைத்திருப்பவர் சொல்ல, அவருடைய மச்சான் கேட்டுக்கொண்டு வந்தார்.

"குண்டு ரொம்ப கச்சிதமா இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டான்வே."

"யாரு?"

"சௌபாத்தி கடற்கரையில பலூன் சுடுத கடைக்காரன். துப்பாக்கிக் குழலுக்குள்ள குண்டு லொடலொடன்னு ஆடுதேன்னு, குண்டு அடிக்கிற கார்பைடு அச்சுக்குள்ள வைரப்பொடி பேஸ்ட் போட்டுப் பாத்துப் பாத்துத் தேய்ச்சு, ஓட்டையை ஒரு முடி பெருசாக்குனேன். இப்ப சுடுதவன் பூரா பலூனை உடைச்சுப் பரிசை அள்ளிட்டுப் போறான். 'பழைய குண்டைக் குடு, இல்லேன்னா வேற பட்டறைக்குப் போறேன்'ங்கான்."

"அப்ப ஓட்டையைச் சின்னதாக்கும்."

"தேய்ச்சது திரும்ப வளருமாவே?"

கோவண்டியில் இருவரும் எழுந்தனர்.

"என்னதான் செய்யப்போறீரு?"

"துப்பாக்கியைக் கொண்டாரச் சொல்லிருக்கேன். பேஸ்ட் மிச்சமிருக்கு. குழலையும் தேய்ச்சுட்டா குண்டு பழையபடி ஆடும்லா."