மடுகரை நாய்க் குளத் திறப்பு விழா

மடுகரையின் வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டிய சேதி ஒன்றை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் சார். வெயிலில் வாடும் நாய்கள் இறங்கிக் குளிர்வதற்கென்றே நீல டைல்ஸ் பதித்த குளம் இந்த வட்டாரத்தில் முதன்முதலாகக் கட்டப்பட்டது என் வீட்டுத் தோட்டத்தில்தான். பன்னிரண்டடி நீளம், எட்டடி அகலம், ஒரு பக்கம் படிக்கட்டு. அனைத்துயிர் நலச் சங்கத்தின் நிறுவனத் தலைவர் அரங்கநாதன் என்று கல்வெட்டும் உண்டு. சங்கத்தின் மற்றொரு உறுப்பினர் என் மனைவி சரண்யா.

ஏன் கட்டினேன் என்று கேட்டீர்கள். கோடை வந்தால் எங்கள் பக்கம் ஆளாளுக்கு மோர்ப்பந்தல் போட்டு, மோர்ப்பானையைவிடப் பெரிதாகத் தங்கள் முகத்தை ஃபிளெக்ஸில் வைப்பார்கள். என் மச்சான் வீரமணி மூன்று வருஷமாக வைக்கிறான். மனிதர்களை அவன் எடுத்துக்கொண்டுவிட்டதால் எனக்கு மிச்சமிருந்தது நாய்கள்தான்.

“இன்னா மாமா, நாய்க்கு ஓட்டு கெடையாது, தெரியுமில்ல?” என்றான்.

“நாய வச்சிருக்கறவனுக்கு இருக்குதுடா” என்றேன். அதற்குப் பிறகு விழாவுக்கு மைக் பிடிக்க அவனே முன்வந்தான்.

தொகுதியின் பெரும்புள்ளி ஒருவர் காலை பத்து மணிக்குத் திறந்துவைப்பதாக ஏற்பாடு. நாய்கள் தரப்பில்தான் ஒத்துழைப்பு இல்லை. தெருவில் பிடித்துவந்த ஆறு நாய்களும், ஒத்திகையில் இறக்கிய வேகத்திலேயே வெளியே பாய்ந்து, பெரும்புள்ளியின் ஃபிளெக்ஸ் மேல் உதறிவிட்டு, மோட்டார் கொட்டகைச் சேற்றில் போய்ப் படுத்துக்கொண்டன. டைல்ஸின் அருமை அவற்றுக்குத் தெரியவில்லை.

தண்ணீருக்கு அஞ்சாத நாய் ஊரில் ஒன்றே ஒன்று. ஆடு மேய்க்கும் ரோஸ்லினுடையது. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர்களை எங்கள் பக்கம் சொல்தா என்பார்கள். அவர்களைப் போலவே நெஞ்சை நிமிர்த்தி நடந்ததால் அதற்கும் அதே பெயர். அறுவடையான என் வயலில்தான் ரோஸ்லினின் ஆடுகள் மேய்கின்றன. நான் கேட்டால் இல்லையென்று சொல்ல மாட்டாள்.

“சாயங்காலத்துக்குள்ள வுட்டுடுங்க ஐயா. போன வாரம் வெளி நாயிங்க வந்து ரெண்டு குட்டிய கொதறிப் போட்டுடுச்சி. இவன் இல்லன்னா மிச்சமும் போயிடும்” என்று மட்டும் சொன்னாள்.

சொல்தா தானாகவே இறங்கி மேல்படித் தண்ணீரில் உட்கார்ந்தது. ஆனால் மேளச் சத்தத்தில் ஒரு நாய் எத்தனை நேரம் உட்காரும்? டீக்கடைப் பொறை ரொட்டிக்குள் சரண்யாவின் தூக்க மாத்திரை ஒன்றை வைத்துக் கொடுத்தேன். விழாவுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் அதைவிடக் கூடுதலாகப் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார்கள்.

பத்து மணிக்கு வீரமணி மைக்கில், “இதோ, புறப்பட்டுவிட்டார்” என்றான். பதினொன்றுக்கு, “வில்லியனூரைத் தாண்டிவிட்டார்.” பன்னிரண்டுக்கு, “இன்னும் சில மணித்துளிகளில்.” ஓர் அறிவிப்புக்கு ஒரு மாத்திரைப் பொறை கொடுத்துவந்தேன். பெரியவர்கள் தாமதமாக வருவது அவர்கள் உரிமை. அதுவரை நாயைத் தயார் நிலையில் வைத்திருப்பது விழாக்குழுவின் கடமை.

கடைசிப் பொறையை அது தானாகத் தின்னவில்லை. வாயைத் திறந்து நான்தான் வைத்தேன்.

சுவரோரம் நின்றிருந்த ரோஸ்லின் கிட்டே வந்தாள். “இன்னா ஐயா, இப்டி சாயறான்?”

“சொகமா தூங்கறான், வுடு.”

“பகல்ல தூங்கறவன் இல்லீங்களே அவன். நான் தூக்கினு போயிடறேன் ஐயா.”

“மாலை ஒண்ணு கொறையுது. முக்குக் கடையில வாங்கினு வா, போ.”

என்னைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள். வயலை நினைத்திருப்பாள். போனாள்.

அவள் வாசலைத் தாண்டியதும் சொல்தா அடுத்த படிக்கு நழுவியது. மூக்கு தண்ணீருக்குள் போனது. குமிழிகள் வந்தன. அந்நேரம் தெருமுனையில் ஹாரன் கேட்டது. பெரும்புள்ளி உள்ளே நுழையும்போது குளத்தில் ஒரு நாயாவது இருக்க வேண்டும் என்பது சங்கத்தின் நிலைப்பாடு. எனவே பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் குமிழிகள் நின்றன.

வந்தது கரும்பு லாரி. பெரும்புள்ளிக்கு வேறெங்கோ காதுகுத்து என்று இரண்டு மணிக்குத்தான் தகவல் வந்தது.

ரோஸ்லின் திரும்பி வந்து, மாலையைக் கீழே போட்டுவிட்டுக் குளத்தில் இறங்கி, நாயைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்துவிட்டாள். சத்தம் போடவில்லை. நல்ல பெண், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அன்று ராத்திரி அவளுடைய ஆடுகளில் நான்கை வெளி நாய்கள் கடித்துப் போட்டதாகச் சொல்கிறார்கள். அதற்கும் குளத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

நாய்கள் மீது எனக்குள்ள அன்பை யாரும் சந்தேகிக்க வேண்டியதில்லை.

தூக்கிவிட்டிருக்கலாமே என்கிறீர்கள். தூக்கியிருக்கலாம். கைக்கு எட்டும் தூரம்தான். கையை நீட்டவும் செய்தேன். பட்டுச் சட்டை நனையும் என்று இழுத்துக்கொண்டேன்.