ஏறி இறங்கிய கோடு

ஜுரு தொழிற்சாலையில் எனக்கும் சேர்த்து மதியச் சாப்பாட்டை இக்மல்தான் வாங்கி வருவான். நாசி கண்டார் சோற்றில் எனக்கு வெண்டைக்காய் பிடிக்காது என்று நான் அவனிடம் சொன்னதே இல்லை. என் மனைவி துளசி சொல்லியிருந்தாள்.

நாங்கள் இருவரும் கெலுகோர் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். கார்ச் சக்கரத்தைத் தாங்கும் ரப்பர் புஷ்ஷை எவ்வளவு முறுக்கினால் கிழியும் என்று கணினியில் கணக்கிடுவது எங்கள் வேலை.

அதில் ஒரு சிக்கல் உண்டு. இழுவிசையில் இருக்கும் ரப்பரை அப்படியே திருப்பினால் அதன் உள்ளே எதுவும் மாறுவதில்லை. வெளியே நின்று அளப்பவனுக்கு மட்டும் எண்கள் மாறும். அந்தச் சுழற்சியைக் கழித்த பிறகுதான் விசை மாறும் வேகத்தைச் சொல்ல வேண்டும். யார் எங்கே நின்று பார்த்தாலும் ஒரே விடை வர வேண்டும். கழிக்கப் பல முறைகள் இருக்கின்றன. நான் தேர்ந்தெடுத்தது ஜௌமன் முறை. சிறிய முறுக்கலுக்கு அது போதும். முறுக்கல் அதிகமானால் இல்லாததைக் காட்டும். விசை ஏறி, பிறகு தானாக இறங்குவது போல.

திரையில் விசைக் கோட்டைப் பார்த்து இக்மல் அன்றே கேட்டான்.

"கோடு எறங்குதுடா குகன். ரப்பர் அப்படியா செய்யும்?"

"ரொம்ப முறுக்கினா தளர்ந்திடும். நீ ஓட்டுலா."

"ப்ரொபசர் சொன்னா சரிதான்." என்னை அப்படித்தான் கூப்பிடுவான். சிரித்தபடி கணக்கை ஓட்டினான்.

மாதிரிப் பாகத்தை வடிவமைத்தவனே முதலில் தன் காரில் மாட்டிக்கொள்வது எங்கள் இடத்துப் பழக்கம். மாட்டினேன். ஆயர் ஈத்தாம் மலை வளைவில் புஷ் கிழிந்து சக்கரம் கோணியது. காரில் துளசி தனியாக இருந்தாள்.

அவள் காரியம் முடிந்ததும் வேறு முறையில் கணக்கிட்டேன். கோடு இறங்கவே இல்லை. கிழியும்வரை ஏறிக்கொண்டே போனது.

கணக்கை ஓட்டியவன் இக்மல். சந்தேகம் வந்த பிறகும் ஓட்டியவன். எனக்குச் சந்தேகமே வரவில்லை. வந்தவன் அல்லவா நிறுத்தியிருக்க வேண்டும்? நிதானமாகத்தான் யோசித்தேன். புதிய கோட்டை அவனுக்குக் காட்டவில்லை.

லாரி புஷ் ஒன்றைச் சோதனை மேடையில் முறுக்கும் வேலை வந்தது. அதற்கும் அவன் பழைய முறையில்தான் கணக்கை ஓட்டியிருந்தான். முறுக்கும் இரும்புக் கையைச் சுற்றிக் காவல் கூண்டு உண்டு. கூண்டு திறந்தால் இயந்திரம் நின்றுவிடும். நிற்காதபடி காலையிலேயே செய்துவைத்தேன். பிறகு இக்மலிடம் கூண்டைத் திறந்து, கிழிசல் எங்கே தொடங்குகிறது என்று கிட்டே போய்ப் பார்க்கச் சொன்னேன்.

"அடிச்சிடாதுல்ல?" என்றான்.

"உச்சம் தாண்டியாச்சு. இனிமே எறங்கத்தான் செய்யும். நீ ஓட்டின கணக்குதானே."

"அப்ப சரி. துளசி இருந்தா நம்ம ரெண்டு பேரையும் திட்டித் தீர்த்திருக்கும்லா," என்று குனிந்தான்.

திரை என் பக்கம் இருந்தது. விசை ஏறிக்கொண்டிருந்தது. முறுக்கலைக் கூட்டினேன். ரப்பர் கிழிந்து இரும்புக் கை விடுபட்டது. குனிந்திருந்தவன் தலையில் அடித்தது.

மேசையில் அவன் வாங்கி வந்த சாப்பாட்டுப் பொட்டலங்கள் பிரிக்காமல் இருந்தன. போலீஸ்காரர்கள் நீங்கள் எல்லாரும் வருவதற்குள் என்னுடையதைச் சாப்பிட்டேன். வெண்டைக்காய் இல்லை.

விபத்தா என்று கேட்கிறீர்கள். இல்லை. அவன் சாக வேண்டும் என்றே செய்தேன். அதை மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. ஒன்றை மட்டும் சரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கே நின்று பார்த்தாலும் விடை மாறாது: துளசியைக் கொன்றவன் இக்மல்.