பஞ்சுக் கோழியை உலர்த்திய அறை

வெள்ளைக் கோழியைக் குளிப்பாட்டுவது ஒன்றும் பெரிய வித்தையில்லை. யார் வேண்டுமானாலும் செய்யலாம். உலர்த்துவதுதான் கஷ்டம். சங்கத்துக்காரர்களான உங்களுக்கு இது தெரியாததில்லை. ஆனாலும் எதையும் விடாமல் முதலிலிருந்து சொல்லும்படி தலைவர் கேட்டுக்கொண்டதால், தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

போட்டிக் கோழியின் இறகில் சோளமாவு தூவி வெண்மையைக் கூட்டினேன் என்பது என் மீதுள்ள புகார். புகார் கொடுத்தது என் கொழுந்தியாள், அதாவது இறந்துபோன என் மனைவியின் தங்கை. அவள் முதலில் போலீசுக்குத்தான் போனாள். நுரையீரல் வியாதியில் போனவருக்கு நாங்கள் என்னம்மா செய்ய முடியும் என்று அங்கே அனுப்பிவிட்டார்களாம். அதன் பிறகுதான் இங்கே வந்திருக்கிறாள். கோழிச் சங்கத்தில் வந்து அக்காவுக்கு நியாயம் கேட்கிறாளே என்று நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். துக்கத்தில் இருப்பவர்களுக்கு எங்கே போவது என்று தெரியாது.

நான் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் இருட்டுக் குழிக்குள் கிரீஸும் கம்பியுமாகக் கிடப்பவன். வீட்டுக்கு வந்தால் வெள்ளையாக, மெத்தென்று ஏதாவது கையில் இருந்தால் தேவலை என்றிருக்கும். அப்படித்தான் சில்கி என்னும் பஞ்சுக் கோழி வளர்க்க ஆரம்பித்தேன். கலப்பில்லாத பழைய இனம். காலில் ஐந்து விரல், பஞ்சுக்கு அடியில் கறுத்த தோல், தலையில் உருண்டையாக ஒரு குடுமி. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அது முயலா கோழியா என்று பந்தயம் கட்டுவார்கள். என் மனைவிக்கு ஆரம்பத்தில் இதில் பெரிய ஈடுபாடு கிடையாது. கோழி உங்களுக்கு, எச்சம் எனக்கா என்று கேலி செய்வாள். கேலி செய்துகொண்டேதான் அள்ளினாள். கொட்டகையைக் கூட்டுவது எப்போது அவள் வேலையாக மாறியது என்று எனக்கு நினைவில்லை.

மெத்தை என்று பெயர் வைத்ததும் அவள்தான். குஞ்சாக இருந்தபோதே அது மற்ற குஞ்சுகளுக்குத் தலையணையாகக் கிடக்குமாம். வளர்ந்த பிறகு அப்படி ஒரு பெட்டையை நான் எங்கேயும் பார்த்ததில்லை. முதுகின் வளைவு, குடுமியின் நிறைவு, கால் விரல் வரை இறங்கிய பஞ்சு, எதிலும் குறை கிடையாது. ஆனால் யார் தொட்டாலும் நடுங்கும். நடுவரின் மேசையில் நடுங்கும் கோழிக்கு என்ன மதிப்பெண் விழும் என்று உங்களுக்கே தெரியும். என் மனைவியின் மடியில் மட்டும் அது கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும். அவள் மடியிலிருந்து எழுந்து வந்த பிறகும் அரை நாள் வரை அந்த அமைதி அதனிடம் இருக்கும். நான் பழக்கிப் பார்த்தேன். கொழுந்தியாளை உட்கார வைத்துப் பார்த்தேன். செயலாளர் தன் மகளை அனுப்பிவைத்தார், பாவம், அந்தப் பெண்ணின் கையெல்லாம் கீறல். சிலருக்கு வாய்க்கிறது, சிலருக்கு வாய்ப்பதில்லை.

இந்த இனத்தின் இறகிலிருந்து தண்ணீர் வழிந்து ஓடாது. பஞ்சு போல் உறிஞ்சிக்கொள்ளும். மூன்று தொட்டிகளில் அலசி, துண்டில் சுற்றி எடுத்து, ஹேர் டிரையரை மெல்லிய சூட்டில் வைத்து, விரலால் கோதிக்கோதி உலர்த்த வேண்டும். காற்று பட்டால் ஈரக் கோழி ஜன்னி வந்து செத்துவிடும். அதனால் ஜன்னல், கதவு எல்லாவற்றையும் இறுக்கி மூட வேண்டும். எங்கள் வீட்டில் இறுக்கி மூடக்கூடிய அறை படுக்கையறை ஒன்றுதான். பாதி காய்ந்ததும் மாவைத் தூவி, கொஞ்ச நேரம் விட்டு, பிறகு டிரையரால் ஊதி எடுத்துவிடுவேன். மஞ்சள் கறை மாவோடு போய்விடும். அந்த நேரத்தில் அறை மாவு மில் மாதிரி இருக்கும். மாவு, இறகுத் தூள், பொடுகு எல்லாம் கலந்து விளக்கைச் சுற்றிப் பறக்கும். அதன் நடுவில் அவள் கோழியை மடியில் வைத்துக்கொண்டு ஏதாவது முணுமுணுத்துக்கொண்டிருப்பாள்.

இருமல் அப்புறம்தான் வந்தது. முதலில் வறட்டு இருமல். பிறகு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. நல்ல டாக்டரிடம்தான் கூட்டிப்போனேன். அவளைக் குழாயில் ஊதச் சொல்லிப் பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டு, டாக்டர் என்னிடம் வீட்டில் பறவை உண்டா என்று கேட்டார். சொன்னேன்.

"மருந்து எல்லாம் அப்புறம் சார். முதல்ல கோழியை வெளியேத்துங்க. அந்தத் தூசியில இவங்க இனிமே இருக்கவே கூடாது. இருந்தா நுரையீரல் காஞ்ச ஸ்பாஞ்ச் மாதிரி ஆயிடும். அப்புறம் திரும்ப வராது."

அவர் தெளிவாகத்தான் சொன்னார். நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன்.

பஸ்ஸில் திரும்பும்போது டாக்டர் என்ன சொன்னார் என்று அவள் கேட்டாள். சுவரில் ஈரம் இருக்கிறதாம், அந்தப் பூஞ்சைதான் காரணமாம் என்றேன். மெத்தைக்கு அப்போதுதான் இறகு உதிர்ந்து புதுப் பஞ்சு முளைத்துக்கொண்டிருந்தது. அது நிறைந்து நிற்பது சில மாதங்கள்தான். ஒரே ஒரு போட்டி முடிந்ததும் உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஆனால் சுவர் விஷயத்தை நான் சும்மா விடவில்லை. லீவு போட்டுவிட்டு, படுக்கையறைச் சுவர் முழுவதையும் சுரண்டி, ஈரம் தாங்கும் பெயிண்ட் அடித்தேன். ஜன்னல் இடுக்குகளையும் அடைத்தேன். பெண்டாட்டியை இப்படிப் பார்த்துக்கொள்ள யாரால் முடியும் என்று தெருவே பேசியது. அவளுக்கும் அதில் பெருமைதான். அதைக் கேட்கும்போது எனக்கும் நன்றாகத்தான் இருந்தது.

மாவு தூவும்போது நான் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொள்வது வழக்கம். ஒருநாள் அவளும் துண்டை எடுத்து மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். மெத்தை உடனே இறக்கையை அடித்து எழுந்துவிட்டது. அவள் முகம் தெரிந்தால்தான் அதற்கு நிம்மதி. துண்டை எடுத்துவிடச் சொன்னேன். எடுத்துவிட்டாள். அதன் பிறகு அவள் கட்டிக்கொள்ளவில்லை.

முதல் போட்டியில் இரண்டாம் பரிசுதான் வந்தது. இரண்டாம் பரிசை வாங்கிக்கொண்டு விட்டுவிட முடியுமா என்பதை உங்களில் யாராவது நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். அடுத்ததையும் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

நடுவில் அவள் ஒருநாள் சமையலறையில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அங்கே ஓர் இளம் டாக்டர், வீட்டில் நாய், பூனை, பறவை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். கொட்டகை வீட்டுக்குப் பின்னால்தானே இருக்கிறது, வீட்டுக்குள் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன். அவள் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் இருந்தது. என்னையே பார்த்தாள். நான் ஏன் இல்லை என்று சொல்கிறேன் என்று அவளுக்கு அந்த நிமிஷம் புரிந்திருக்கலாம். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். சம்மதம் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் அவள் தேறினாள். உதட்டுக்கு நிறம் வந்தது, வராந்தாவில் நடந்தாள், பக்கத்துக் கட்டில்காரியோடு சிரித்துப் பேசினாள். அந்தத் தூசியில்லாத இடத்தில் அவள் தேறுகிறாள் என்பது என் கண் முன்னாலேயே தெரிந்தது. எனக்கு அது கொஞ்சம் சங்கடமாக இருந்தது. வீட்டுக்கு அனுப்பிய அன்று கொழுந்தியாள் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றாள்.

"அக்கா எங்கூட வரட்டும் மாமா. ஒரு மாசம் இருந்துட்டு வரட்டும். நான் பாத்துக்கிறேன்."

என் மனைவி பையைத் தூக்கித் தங்கை கையில் கொடுத்துவிட்டாள். போக வேண்டும் என்று அவளுக்கு ஆசை இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. வருகிற வாரம் போட்டி, அது முடியட்டும், நானே கொண்டுவந்து விடுகிறேன் என்றேன். தங்கையின் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டேன். என் மனைவி என் பின்னால் வந்தாள். எங்களுக்குள் எப்போதுமே பெரிய சண்டை வந்ததில்லை.

போட்டியன்று காலையில் வழக்கம்போலக் குளிப்பாட்டினேன். அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தாள், மெத்தையை மடியில் வைத்தேன். இடது பக்கம் காய்ந்து முடித்தபோது அவள் என்னைக் கூப்பிட்டாள். டிரையர் சத்தத்தில் முதலில் கேட்கவில்லை.

"என்னங்க, ஜன்னலைக் கொஞ்சம் திறங்களேன். முடியல."

வலது பக்கம் இன்னும் ஈரம். பாதியில் விட்டால் பஞ்சு திரித்திரியாக ஒட்டிக்கொள்ளும், பிறகு என்ன செய்தாலும் விரியாது. கோழிக்குக் குளிரும். இதோ முடிந்துவிட்டது என்றேன். அவள் மறுபடி கேட்கவில்லை. மெத்தையைப் பிடித்த பிடியையும் விடவில்லை. நகம் நீலமாகியிருந்ததை நான் கவனித்தேன். வெள்ளை இறகின் மேல் அது நன்றாகத் தெரிந்தது. மாவை ஊதி எடுத்து, குடுமியைச் சீவி, பெட்டியில் வைத்து மூடிய பிறகு ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். கொழுந்தியாளையும் வரச் சொன்னேன். அவள் அக்காவோடு ஏறிக்கொண்டாள். நான் கோழியோடு அரங்கத்துக்கு வந்தேன். அங்கே செல்போனை அணைத்து வைக்க வேண்டும் என்பது உங்கள் விதி. நான் அணைத்து வைத்தேன்.

அன்று மெத்தை மேசையில் அசையவே இல்லை என்பது நடுவருக்கு நினைவிருக்கும். அவர் பஞ்சுக்குள் விரலை விட்டு ஊதிப் பார்த்தார், அது விரிந்து மூடியது. கோப்பையைத் தலைவர் கையால் வாங்கினேன். செல்போனைத் திறந்தபோது கொழுந்தியாள் பலமுறை கூப்பிட்டிருந்தாள்.

காரியங்கள் முடிந்ததும் அவள் அந்த முதல் டாக்டரைத் தேடிப் போயிருக்கிறாள். கோழியை வெளியேற்றச் சொன்னதை அவர் சொல்லியிருக்கிறார். என் வீட்டுக்கு வந்து, எல்லாம் தெரிந்துதான் செய்தீர்களா மாமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். தெரிந்துதான் என்றேன். அவளிடம் நான் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? அவள் அழவில்லை. நான் பெயிண்ட் அடித்த அந்தச் சுவரைப் பார்த்துவிட்டுப் போனாள். அவள் போன பிறகு எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. கொட்டகையைக் கூட்ட இனி ஆள் வைக்க வேண்டும் என்பதுதான் மனதில் ஓடியது.

இவ்வளவையும் சொன்னது, நீங்கள் கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான். ஆமாம், மாவு போட்டேன். இரண்டு போட்டிக்கும் போட்டேன். அது விதிமீறல் என்று தெரிந்தே போட்டேன். என் மனைவிக்கு அதில் பங்கு கிடையாது, அவள் பிடித்துக்கொண்டிருந்ததோடு சரி. கோப்பையைத் திருப்பித் தந்துவிடுகிறேன். சங்கத்திலிருந்து என்னை நீக்கினாலும் ஏற்றுக்கொள்கிறேன், தப்பு என்னுடையது. ஆனால் மெத்தையைப் போட்டியிலிருந்து விலக்குவது பற்றிச் செயலாளர் பேசியதாகக் கேள்விப்பட்டேன். அதை மட்டும் செய்யாதீர்கள். அது வாயில்லா ஜீவன், என்னை நம்பி என் வீட்டில் இருந்தது. நான் ஆசைப்பட்டதற்காக ஒரு உயிர் ஏன் கஷ்டப்பட வேண்டும்?