ஏற்கெனவே கொடுத்த லட்டு

— இன்னொரு தடவ சொல்லு அம்மிணி. எந்த யுனிவர்சிட்டின்னு சொன்ன?

— அதேதான்ப்பா. நூறு பேரு கேட்டா ரெண்டு பேரக்கூட எடுக்காத எடம். அதுலயும் நடுவுல வேற காலேஜ்லேந்து மாறி வர்ற வெளிநாட்டுப் பசங்கன்னா கேக்கவே வேண்டாம். எனக்குக் கெடச்சிருச்சு. ஆகஸ்ட்லேந்து அங்கதான்.

— அடடா.

— அடடாவா? பால் திரிஞ்சுபோனா சொல்றதுப்பா அது.

— சந்தோஷந்தான் கண்ணு. அதாவது, ரொம்ப சந்தோஷம். சந்திரா, அந்த வாசக் கதவக் கொஞ்சம் சாத்து.

— எதுக்குங்க கதவச் சாத்தணும்? பொண்ணு திருடிக்கிட்டா வந்துருக்கா? சொல்லுங்க, உங்க வாயாலயே சொல்லுங்க. நான் வேணா அரிசி களையற மாதிரி திரும்பி நின்னுக்கறேன்.

— என்னம்மா சொல்றாரு?

— உங்கப்பா சொல்லுவாரு. ரெண்டு வருஷமா ஊருக்கே சொன்னவரு, உனக்குச் சொல்ல மாட்டாரா?

— அதாவது கண்ணு, நீ மொதல்ல அமெரிக்கா போனப்ப, மைன்ஸ் போற பஸ் ஸ்டாப்புல நம்ம ராஜாங்கம் கேட்டாரு, பாப்பா எந்தக் காலேஜுங்கன்னு. உன் காலேஜ் பேரு எனக்கே வாயில நொழையாது. சுத்திச் சோளக்காடு, நடுவுல ஒரு காலேஜ்னு எப்பிடிச் சொல்றது? ஃபர்ஸ்ட் ஷிப்ட் ஆளுங்க மொத்தமா நின்னு என் வாயவே பாக்கறாங்க. டக்குனு தெரிஞ்ச பேரு ஒண்ணச் சொல்லிப்போட்டேன்.

— எந்தப் பேர?

— இப்ப உனக்குக் கெடச்சிருக்கற பேரத்தான்.

— லட்டு வேற குடுத்தாரு சாமி. டவுன்ஷிப்ல நம்ம ப்ளாக் முழுக்க.

— அப்ப ரெண்டு வருஷமா நான் அங்கதான் படிக்கறேன்.

— நல்லாவே படிக்கற. போன வருஷம் மெடல்கூட வாங்குன.

— மெடலாம்மா?

— மெடல நான் சொல்லல அம்மிணி. அது அதுவா வளந்துது.

— பரவால்லப்பா. விடிகாலைல எந்திரிச்சு காலேஜ் கிச்சன்ல தட்டு கழுவுனது நானு. படிச்ச பாதிப் பாடத்த ஏத்துக்க மாட்டோம், திரும்பப் படின்னு புது யுனிவர்சிட்டில சொன்னதுக்கும் சரின்னு தலையாட்டுனது நானு. மெடல் வாங்குனது மட்டும் வேற காயத்ரி.

— இப்ப என்ன கெட்டுப்போச்சு? நீ சத்தமில்லாமப் போயிச் சேந்துக்க. நான் சொன்னது நெஜமாயிரும். யாருக்கும் ஒண்ணும் தெரியாது.

— அதானே. உங்க பொய்ய ரெகுலரைஸ் பண்ணத்தானே நான் ராத்திரி பகலா உக்காந்து அப்ளை பண்ணேன்.

— அப்பிடி இல்ல கண்ணு.

— எனக்கு ஒண்ணே ஒண்ணுதான்ப்பா வேணும். என் பொண்ணுக்கு அங்க எடம் கெடச்சிருச்சுன்னு இந்தத் தெருவுல நாலு பேருகிட்ட நீங்க வாய்விட்டுச் சொல்லணும். சொல்லிட்டா நான் கெளம்பிருவேன்.

— எப்பிடிச் சொல்றது? உள்ள இருக்கறவளுக்கு உள்ள வர்றதுக்கு அட்மிஷன்னா?

— இருவது வருஷமா பெர்மனன்ட்டா இருக்கறவரு, வேல கெடச்சிருச்சுன்னு திடீர்னு ஸ்வீட் குடுத்த மாதிரி இருக்கும் காயத்ரி. மருதாசலம் சாருக்கு மண்டக் கோளாறுன்னு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்க. அதுவும் நல்லதுதான்.

— பொண்ணு காலேஜ் மாறுனான்னு சொல்லுங்கப்பா.

— ட்ரான்ஸ்ஃபர்னு இங்க சொன்னா, என்ன தப்பு பண்ணான்னு கேப்பாங்க அம்மிணி.

— அப்ப உண்மையவே சொல்லிருங்க. பொய் சொன்னேன், இப்பதான் நெஜமாக் கெடச்சிருக்குன்னு.

— சொல்லிருவேன். என் மானம் போனாப் போகுது. நான் பாக்கறது அந்தப் பையனுக்காக.

— எந்தப் பையன்?

— ராஜாங்கம் பையன் அன்புச்செல்வன். நீ போன மறுவருஷம் அவனக் கூட்டிக்கிட்டு இந்த வூட்டுக்கு வந்தாரு. பாப்பா சேந்த அதே எடத்துல இவனும் சேரணும், வழி சொல்லுங்கன்னாரு.

— உங்கப்பாவும் சொன்னாரு சாமி. இந்த நாற்காலில சாஞ்சு உக்காந்துகிட்டு. இன்டர்வியூல நேராக் கண்ணப் பாத்துப் பேசணும்ப்பா தம்பி, அவங்க அதத்தான் பாப்பாங்கன்னு.

— கேலி பண்ணாத சந்திரா. அந்தப் பையனுக்குக் கெடச்சிருச்சே. அப்பா மைன்ஸ்ல கான்ட்ராக்ட், டவுன்ஷிப்புக்கு வெளிய வடக்குத்துல ஓட்டு வூடு, பையன் ஸ்காலர்ஷிப்ல அங்க போயிச் சேந்துட்டான்.

— அங்கயாப்பா?

— அங்கதான். போன அன்னைக்கே உன்னத் தேடிருப்பான். நீ அங்க எங்க இருக்க? என் வண்டவாளம் பூரா அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனா இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்த வெளிய விடல கண்ணு.

— என்ன சொல்றானாம்?

— தெனம் மத்தியானம் காயத்ரி அக்காகூடத்தான் சாப்படறேன்னு. அவங்கம்மா மாரியம்மாள் இங்க வந்து, உங்க பாப்பா இருக்கறதால எனக்குக் கவல இல்லீங்கன்னு கையப் புடிச்சுக்கிட்டு அழுவுறாங்க. நான் தலையாட்டறேன். இப்ப நான் உண்மையச் சொன்னா, எனக்காகப் பொய் சொன்ன புள்ள அவங்கம்மா முன்னாடி பொய்யனா நிக்கணும்.

— ஏன்டி, கேலியெல்லாம் எங்க போச்சு?

— அன்பு அவங்கம்மாகிட்ட அப்பிடியா சொன்னான்?

— வாராவாரம் சொல்றானாம்.

— மொதமொதல்ல என்னப் பாத்த அன்னைக்கு, தட்டக் கீழ வச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சான். ஏன்டான்னா சொல்லல. இப்பத்தான் தெரியுது. சிரிச்சு முடிச்சுட்டு, என்னைய இங்க பாத்தேன்னு ஊருல யாருகிட்டயும் சொல்லிராதக்கான்னு கெஞ்சுனான்.

— இங்கன்னா எங்க அம்மிணி?

— அவன் உங்களுக்காகப் பொய் சொல்லலப்பா. தெனம் என்கூடத்தான் சாப்படறான், எங்க சோளக்காட்டுக் காலேஜ்ல. நான் கெளம்புனதுக்கு அப்பறந்தான் அது பொய்யாகும்.