ரொட்டிப் பெட்டி அளவுக்குள்

எனக்குச் சத்தம் ஆகாது. என்னிடம் இருக்கும் ஒரே குறை அதுதான் என்று கல்யாணமான புதிதில் என் மனைவி நெவெனாவே சொல்லியிருக்கிறாள்.

இப்போது அவள் வேறு சில குறைகளையும் கண்டுபிடித்திருக்கிறாள். செய்ததை எல்லாம் எழுதி, பிப்ரவரியில் வரும் ஒயின் பண்டிகையான திரிஃபோன் திருநாள் விருந்தில் எல்லார் முன்னாலும் நானே வாய்விட்டுப் படிக்க வேண்டும், இல்லாவிட்டால் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்குக் குடிபோக வேண்டும் என்பது அவள் உத்தரவு. ஆகவே படிக்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் என் மாமியார் ராட்கா அத்தை இருக்கிறார். மூலையில், அத்தையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தபடி நாலாம் மாடி இக்னாத் மாமா. மூன்றாம் மாடி ஸ்லாவ்காவை யாரும் கூப்பிடவில்லை, ஆனாலும் இருக்கிறார். கோப்பைகளை நானே நிரப்பி வைத்துவிட்டேன். இக்னாத் மாமாவின் நிலவறைப் பீப்பாயிலிருந்து இன்று காலை இறக்கிய சிவப்பு ஒயின். விஷயம் கொஞ்சம் நீளம். அதனால் நீங்கள் பாட்டுக்குக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

நான் அடுக்களை அலமாரிகளைக் கம்ப்யூட்டரில் படமாக்கிக் கொடுத்துப் பிழைக்கிறவன். அலமாரி இன்னும் மரமாகவே இருக்கும்போது அதன் மேல் வெயில் விழுவதைக்கூடப் படத்தில் காட்டிவிடுவேன். அந்த வெயிலை உண்டாக்கக் கம்ப்யூட்டர் மணிக்கணக்கில் கொதிக்க வேண்டும். கொதித்தால் விசிறி சுழலும், சுழன்றால் இரையும். நம் வீட்டில் இருப்பது இரண்டே அறை. ஒன்று அத்தைக்கு, ஒன்று எங்களுக்கு. ஆகவே கம்ப்யூட்டருக்குச் சமையலறை அலமாரியின் மேல்தட்டுதான் வாய்த்தது, ரேடியோவுக்கும் ரொட்டிப் பெட்டிக்கும் நடுவில். இடம் ஒதுக்கிய அன்று அத்தை சொன்னது எனக்கு மறக்கவில்லை.

"ரொட்டிப் பெட்டி அளவுக்கு இருந்தா வெச்சுக்கோங்க மாப்பிள்ளை. அதுக்கு மேல ஒரு விரல் நீண்டாலும் எடுத்துத் தெருவுல வெச்சிருவேன்."

நான் சொல்லுக்குக் கட்டுப்பட்டவன். ரொட்டிப் பெட்டி அளவிலேயே ஒரு கூடு வாங்கி, எல்லாவற்றையும் அதற்குள் அடக்கினேன். அது பெரிய கூட்டில் இருந்ததைவிட மோசமாக இரைந்தது. அத்தை துருக்கி நாடகம் பார்க்க உட்காரும் நேரமும் என் வெயில் கொதிக்கும் நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டன.

"அது என்ன கம்ப்யூட்டரா, மாவு மில்லா? அந்தப் பொண்ணு அங்க குலுங்கிக் குலுங்கி அழுவுது, எதுக்கு அழுவுதுன்னே எனக்குத் தெரியல. கொஞ்சம் அமுக்குங்க அதை."

ஆகவே விசிறியை விட்டுவிட்டுத் தண்ணீரால் குளிரவைப்பது என்று தீர்மானித்தேன். கடையில் கிடைக்கும் தயார்ச் சாமான் எதுவும் அவ்வளவு சிறிய கூட்டுக்குள் போகாது. குழாயிலிருந்து மூடிவரை நாமே திட்டமிட்டுச் செய்ய வேண்டும். கோடை முழுவதும் திட்டமிட்டேன். கூட்டை அட்டையில் செய்து, அதற்குள் உருளைக்கிழங்கை வெட்டிவைத்துப் பம்பு எங்கே உட்காரும் என்று பார்த்தேன். குழாய் எந்த இடத்தில் வளையும், காற்றுக் குமிழி எந்த வளைவில் மாட்டிக்கொள்ளும், ஒழுகினால் எதன் தலையில் ஒழுகும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். நெவெனா அந்த உருளைக்கிழங்கை ஒருநாள் சூப்பில் போட்டுவிட்டாள். அதற்காக நான் அவளை ஒரு வார்த்தை கடிந்ததில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் பொருந்தியது, ஒன்றைத் தவிர. சூடேறிய தண்ணீர் எங்காவது போய் ஆற வேண்டும். அதற்கு ரேடியேட்டர் வேண்டும். ரேடியேட்டருக்குக் கூட்டில் இடமில்லை. வெளியே வைத்தால் ஒரு விரல் அல்ல, ஒரு முழம் நீளும். இடிந்துபோய்ப் பால்கனிக் கதவருகே நின்றுகொண்டிருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் அத்தையின் முட்டைக்கோஸ் பீப்பாய் நின்றது.

இந்தக் கட்டடத்தில் பால்கனியில் பீப்பாய் வைக்காத வீடு இல்லை. முதல் உறைபனி விழுந்ததும் முட்டைக்கோஸை முழுசு முழுசாக உப்புநீரில் அமுக்கி, ஆற்றுக்கல்லைப் பாரம் வைத்து, கிறிஸ்துமஸ் நெருங்கும்வரை புளிக்கவிடுகிறோம். நீங்கள் எல்லாரும் அதைப் பார்த்தால் அந்த இலையில் அரிசி பொதிந்து வேகவைக்கும் சர்மி நினைவுக்கு வரும். எனக்கு வேறொன்று தோன்றியது. ஓர் ஆள் உட்கார்ந்து குளிக்கும் அளவு தண்ணீர், டான்யூப் ஆற்றுக் காற்றில் ஜில்லென்று, யாருக்கும் பயனில்லாமல் சும்மா நிற்கிறது.

அத்தைக்குப் பீப்பாய் விஷயத்தில் ஒரு சட்டம் உண்டு. "உள்ள இரும்பு, தகரம், ஒரு ஆணிகூடப் போகக்கூடாது. கரண்டிகூட மரக்கரண்டிதான். தெரியுதா?" தெரிந்தது. நான் இறக்கியது செம்பு. செம்பை அத்தை எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. செம்புக் குழாயைச் சுருளாக வளைத்து, கற்களுக்கு அடியில் கண்ணுக்குப் படாமல் இறக்கி, சுவரில் துளை போட்டுக் கம்ப்யூட்டரோடு இணைத்தேன்.

இன்னொரு வேலையும் இருந்தது. பீப்பாயின் அடியில் உள்ள திருகுக் குழாயில் தண்ணீரைப் பிடித்து மேலே ஊற்றி ஊற்றிக் கலக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடியில் கெட்டுப்போகும். அத்தைக்கு இடுப்பு வலி. யாராவது அடிக்கடி பீப்பாயைக் கிளறினால் என் சுருள் வெளியே தெரிந்துவிடும். ஆகவே, "அத்தை, இந்த வருஷம் அந்த வேலைய நான் பாத்துக்கறேன், நீங்க குனிய வேண்டாம்," என்றேன். அத்தை கண் கலங்கிவிட்டார். ஸ்லாவ்காவின் வீடுவரை போய், "பெத்த புள்ளைகூட இப்படிப் பண்ணாது," என்று சொல்லிவிட்டு வந்தார். அந்தச் சொல் எனக்கு நியாயமாகவே பட்டது.

அன்று முதல் வீட்டில் சத்தமே இல்லை. கம்ப்யூட்டர் பூனைக்குட்டிபோல் கிடந்தது. துருக்கிப் பெண் எதற்கு அழுகிறாள் என்று எனக்கே தெரிய ஆரம்பித்தது.

இக்னாத் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிராலிபஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போய்ப் பல வருடங்கள் ஆயிற்று. அந்த முட்டைக்கோஸைக் கிராமத்திலிருந்து கொண்டுவந்து, அத்தையோடு உட்கார்ந்து தண்டு குடைந்து உப்பு அடைத்தவர் அவர்தான். அவர்கள் இரண்டு பேரும் இந்தக் குளிர்காலத்தில் பதிவுத் திருமணம் செய்துகொள்வதாகப் பேச்சு. டிசம்பர் இருபதில் வரும் இக்னாத் திருநாளன்று, அதாவது அவர் பெயர் கொண்ட புனிதரின் நாளன்று, நம் வீட்டில் விருந்து வைத்து எல்லாருக்கும் அறிவிப்பதாக ஏற்பாடு. அதன்பின் அத்தை நாலாம் மாடிக்குப் போய்விடுவார், அத்தையின் அறை எனக்கும் கம்ப்யூட்டருக்கும் வரும். இந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்று என்னைவிட ஆசைப்பட்டவர் இந்த மேசையில் யாருமில்லை. மாப்பிள்ளையையும் பெண்ணையும் சேர்த்தே சொல்கிறேன்.

டிசம்பரில் பீப்பாயைத் திறந்தபோது முட்டைக்கோஸ் பச்சைப் பசேலென்று இருந்தது. வழக்கமான வெளிறிய மஞ்சள் இல்லை, வசந்தத்தில் துளிர்த்ததுபோல. ஸ்லாவ்கா பொறாமையில் இரண்டு முறை வந்து பார்த்தார். "என்னடி ராட்கா போட்டே? சொல்லித் தொலையேன்!" அத்தை, "கை ராசி, வேற என்ன?" என்று சிரித்தார். அன்று மாலை நான் சுருளைத் தூக்கிப் பார்த்தேன். வாங்கியபோதுகூட அது அப்படி மின்னியதில்லை. வாங்கியபோது இருந்ததைவிட மெலிந்தும் இருந்தது. மெலிந்த செம்பு எங்கே போயிருக்கும் என்று நான் அதிக நேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கம்ப்யூட்டரில் தேடினேன். புளித்த உப்புநீர் செம்பைக் கரைக்கும், கரைந்த செம்பு காய்கறியை அழகான பச்சையாக்கும், தின்றவர்களுக்குக் குடலைப் புரட்டும் என்று போட்டிருந்தது. சத்தமில்லாமல் தேடிக் கொடுத்தது.

அப்போது நான் சொல்லியிருக்கலாம் என்று நெவெனா சொல்கிறாள். என் நிலைமையையும் பார்க்க வேண்டும். வார்னா நகரத்தில் ஒரு வாடிக்கையாளருக்குப் பண்டிகைக்கு முன் ஒரு பெரிய அடுக்களை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. ஜன்னல் வேறு இரண்டு, வெயிலும் இரட்டிப்பு. சுருளை எடுத்தால் வெயில் நின்றுவிடும். தவிர, எல்லாரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தீர்கள். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இக்னாத் திருநாள் காலையில் வீட்டுக்குள் முதலில் காலெடுத்து வைப்பவரின் ராசிதான் வருடம் முழுக்க அந்த வீட்டுக்கு. அத்தை இக்னாத் மாமாவைத்தான் முதல் ஆளாக வரச் சொல்லியிருந்தார். இஸ்திரி போட்ட சட்டையில், கை நிறைய வால்நட்டோடு வந்தார். கதவைத் திறந்தது நான். "ஆரோக்கியமும் செழிப்பும் இந்த வீட்டுல பொங்கட்டும்!" என்றார். மத்தியானம் கட்டடமே நம் வீட்டில் இருந்தது. இறைச்சி விலக்கும் உபவாசக் காலமாதலால் அரிசி மட்டும் அடைத்த சர்மி, நறுக்கிய முட்டைக்கோஸ், அதன் சாறு. சாற்றை இக்னாத் மாமா பெரிய குவளையில் வாங்கி, அத்தையின் கைப்பக்குவத்துக்காக என்று சொல்லி ஒரே மூச்சில் குடித்தார். எனக்கு வயிறு சரியில்லை என்று ரொட்டி மட்டும் சாப்பிட்டேன். அறிவிப்புக்காக அத்தை எழுந்து நின்றபோதுதான் ஸ்லாவ்கா முதலில் வெளியே ஓடினார்.

அதன்பின் நடந்தது உங்களுக்கே தெரியும், விவரிப்பது நாகரிகமில்லை. தண்ணீர்க் குழாய்கள் மட்டும் மாலைவரை ஓயவில்லை. அந்தச் சத்தத்தை நான் பொறுத்துக்கொண்டேன். யாருக்கும் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. வந்த டாக்டர், ஏதோ கிருமி சுற்றுகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அத்தைக்குக் கிருமியில் நம்பிக்கையில்லை. படுத்தபடியே என்னைக் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, கதவ நீங்கதானே தொறந்தீங்க? அந்த மனுஷன் எந்தக் கால உள்ள வெச்சாரு?"

"இடது காலுன்னு நெனைக்கிறேன் அத்தை."

அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். என்னை யாரும் பொய்யன் என்று சொல்லிவிடக் கூடாது. நான் அவருக்கு எதிரே நின்றேன். அவர் எடுத்துவைத்த கால் எனக்கு இடப்பக்கம்தான் இருந்தது.

மறுநாள் இக்னாத் மாமா எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு வந்தார். அத்தை சங்கிலியை எடுக்காமல் கதவிடுக்கு வழியாகவே பேசினார்.

"உங்க காலு இந்த வீட்டுக்கு ஆகல இக்னாத். போயிட்டு வாங்க."

"ராட்கா, என்ன பேசுற நீ? நானுந்தான் வாந்தி எடுத்தேன்!"

"அப்ப உங்க காலு உங்களுக்கே ஆகல."

எலுமிச்சம்பழத்தை வாசலில் வைத்துவிட்டு அவர் மாடியேறிப் போனார். லிஃப்ட் இருந்தது, ஆனாலும் நடந்தே போனார். ராசி கெட்ட பீப்பாயை அத்தை காலிசெய்யச் சொன்னார். அதற்கு முன்பே நான் சுருளை எடுத்துவிட்டேன். அத்தை வீட்டைவிட்டு எங்கும் போகப் போவதில்லை என்று ஆயிற்று. என் அறை போயிற்று. இந்த விவகாரத்தில் நானும் இழந்தவன் என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

போன வாரம் பால்கனியைக் கழுவிய நெவெனா சுவரில் துளையைக் கண்டுபிடித்தாள். கேட்டாள். சொன்னேன். கேட்டால் நான் மறைப்பதில்லை. அவள் விரலை விட்டுத் துளையின் ஆழம் பார்த்தாள். பிறகு, "எங்கம்மா ரெண்டு மாசமா அந்த எலுமிச்சம்பழத் தோல காயவெச்சு டீயில போட்டுக் குடிக்கிறா. தெரியுமா உனக்கு?" என்றாள். தெரியாது.

ஆகவே சொல்கிறேன். அத்தை, இக்னாத் மாமா வலது காலைத்தான் எடுத்து வைத்தார். அவர் காலில் ஒரு குற்றமும் இல்லை. உங்கள் உப்பிலும் இல்லை, கையிலும் இல்லை. இந்த இடத்தில் அத்தை எழுந்து நிற்பார் என்று நினைக்கிறேன். நெவெனா, ரொட்டி வெட்டும் கத்தியை எடுத்து அந்தப் பக்கம் வை. இக்னாத் மாமா, நீங்கள் ஜன்னலைப் பார்த்தது போதும், அத்தையைப் பாருங்கள். இரண்டு பேரும் சமாதானமாகி, நிரப்பிவைத்த கோப்பையை முட்டிக்கொள்ளலாம். நாலாம் மாடிக்குச் சாமான் தூக்க நான் இன்றைக்கே தயார்.

நெவெனா எழுதச் சொன்னது இதோடு முடிந்தது. ஆனால் எதையும் விடாமல் எழுது என்றும் சொன்னாள். அதனால் இன்னும் ஒன்று.

பீப்பாயைக் காலி செய்தபின் கம்ப்யூட்டர் ஒருநாள்கூட இரையவில்லை. எப்படி என்று யாரும் கேட்கவில்லை. நம் வீடு தரைத்தளத்தில் இருக்கிறது. பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாய் இறங்கும் ஓட்டையில் இன்னும் இரண்டு குழாய்க்கு இடமிருந்தது. நேர் கீழே, நிலவறையில், இக்னாத் மாமாவின் ஒயின் பீப்பாய், குளிர்காலம் முழுக்க ஒரே சீரான குளிர்ச்சி. மிச்சச் செம்பு அதில்தான் இருக்கிறது. ஒயினில் உப்பு கிடையாது, சிவப்பில் பச்சை தெரியவும் தெரியாது. நான் தவறிலிருந்து பாடம் கற்கிறவன். என் கோப்பையில் தண்ணீர் இருப்பதை நீங்கள் கவனித்திருக்கலாம்.

இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். சொல்லியிருந்தால் எல்லாரும் ஒரேயடியாகக் கத்த ஆரம்பித்திருப்பீர்கள், நான் படித்து முடித்திருக்க முடியாது. எனக்குத்தான் சத்தம் ஆகாதே.