நரியாக மாறுகிறவனின் லுங்கி

சிதம்பரம் பஸ்ஸில் முன்சீட்டில் இரண்டு காலேஜ் பையன்கள். ஆளுக்கொரு வேஷம் நோட்டில் எழுதி, தாயம் உருட்டி ஆடுகிற ஏதோ ஆட்டமாம்.

"மச்சான், நேத்து ஒம்போது வாட்டி நரியா மாறி, அரக்கனுங்க எல்லாரையும் நீயே கடிச்சிட்ட," என்றான் ஆட்டத்தை நடத்துகிறவன்.

நான் முறுக்குப் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டேன். கடக்முடக்கென்றால் பேச்சு காதில் விழாதே.

"மத்தவனுங்க கத்திய வெச்சிக்கிட்டு சும்மா நிக்கிறானுங்க. இனிமே ஆட வரமாட்டாங்களாம்."

"அதுக்கு நா என்னடா பண்றது?"

"நீ மாறிக்க. ஆனா திரும்ப மனுசனாவும்போது ஒடம்புல துணி இருக்காது."

புதுச்சத்திரம் தாண்டும்போது நரிக்காரன் நோட்டை மூடினான்.

"அடுத்த ஆட்டத்துல ராஜா சபைக்குப் போறோமே, அங்கயுமா?"

"ராணியும் அங்கதான் இருப்பாங்க."

"நரி வாயில ஒரு லுங்கிய கவ்விக்கிட்டுப் போவலாமா?"

"தாராளமா போ. ஆனா கடிக்க முடியாது."