ஸ்டார்ட்டர் பெட்டியில் பல்லி

ஒரு பல்லிக்காக இவ்வளவு கோபப்பட்டவரை நான் பார்த்ததில்லை. விழுப்புரத்தில் பஸ் ஏறிய அவர், வயல்களில் மோட்டார் ரிப்பேர் செய்பவர். பக்கத்தில் அவர் மனைவி.

“நெட்ல பிளாக் தொறந்து, பல்லி சமாச்சாரத்தையா எழுதுவ?”

“மோட்டார் ஓடலன்னா மெயினை ஆஃப் பண்ணிட்டு, ஸ்டார்ட்டர் பெட்டில பல்லி செத்துக் கெடக்குதான்னு பாருங்கன்னு எழுதுனேன். நெசந்தான?”

“அவங்களே பாத்துக்கினா நம்மள யாரு கூப்புடுவா?”

“பல்லிய எடுத்துப்போட அனந்தபுரம் வரைக்கும் போறீங்க. காசு கேக்கக் கூச்சப்பட்டுக்கினு வெறுங்கையோட வர்றீங்க.”

அவர் போன் அடித்தது. பேசிவிட்டு, மனைவியிடம் திரும்பினார்.

“வளவனூர்ல கரும்பு போட்டிருக்கிறவரு. நீ எழுதுனதைப் படிச்சாராம். பெட்டியில பல்லி இல்லியாம், நாளைக்கி வரச் சொல்றாரு.”



திண்டிவனம் வந்ததும் எழுந்துகொண்டே சொன்னார்: “எறும்பு பூந்தாலும் மோட்டார் நின்னுடும். அதையும் எழுது.”